அம்மாவுக்கு இளைப்பு கட்டுக்குள் வரவில்லை: விலை கூடிய ஊசிக்குப் போகலாமா?

உப்பனாறு_கரை (2025 ஜூலை 6)

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. இளைப்பு, அதாவது ஆஸ்துமா, அவருக்கு இருபது வருடமாக உண்டு. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும், மூச்சு முட்டும்போது இழுக்கும் நீல பம்ப்பை இரண்டு முறை அடித்துக்கொண்டு மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரெல்லாம் கறுப்புப் பூசணம். அதற்கப்புறம்தான் எல்லாம் தலைகீழ். பிப்ரவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை, போன மாதம் ஒருமுறை என்று மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. கடைசித் தடவை ஆக்சிஜன் வைத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார், கையைத்தான் ஆட்டுவார்.

இப்போது எடுத்துக்கொள்வது: கருவியில் போட்டு இழுக்கும் ஃபோராகார்ட் 400 கேப்சூல் காலை ஒன்று, இரவு ஒன்று. இரவில் மான்டெலுகாஸ்ட் மாத்திரை. டெரிஃபிலின். கூடினால் வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள். அந்த ஐந்து நாள் இப்போது மாதாமாதம் வருகிறது, சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிக்கொள்கிறோம். முகம் ஊதிவிட்டது. சர்க்கரை 240. இது போக பி.பி. மாத்திரை, கால்சியம், கண்ணுக்குச் சொட்டு என்று ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

இங்கே பார்க்கும் டாக்டர், "இது கடுமையான ஆஸ்துமா, வீக்கத்தைக் கிளப்பும் பொருளைத் தடுக்கும் பயாலஜிக் ஊசி போடலாம், பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள்" என்றார். விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சு நின்றது. மஞ்சக்குப்பத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வருமானம். சென்னையில் இருக்கும் மாமா, குழாய் விட்டு நுரையீரலைச் சூடு பண்ணும் ஒரு வைத்தியம் இருக்கிறது, ஒரேயடியாகச் சரியாகிவிடும் என்கிறார்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நகையை வைத்தாவது ஊசி போட்டுவிடலாமா?

---

கெடிலம்_72 (ஜூலை 6)

தம்பி, ஊசியெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தூதுவளை ரசமும் ஆடாதொடைக் கஷாயமும்தான். ஒரு மண்டலம் விடாமல் கொடுங்கள், அந்த பம்ப்பை நிறுத்துங்கள். பம்ப் பழகிவிட்டால் விடாது.

---

வில்லியனூர்_விசில் (ஜூலை 7)

தம்பி, பெரியவர் சொன்னதில் ரசத்தை மட்டும் எடுத்துக்கொள், பம்ப்பை நிறுத்துவதை விட்டுவிடு. ஆக்சிஜன் வைத்த ஆளுக்கு பம்ப்பை நிறுத்தினால் அடுத்த தடவை ஆம்புலன்ஸ் வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. என் அம்மாவும் எனக்கு அதே கஷாயத்தைத்தான் கொடுத்தார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 61 வயது. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டர். ஒன்பது வயதிலிருந்து இளைப்பு. கண்டக்டர் வேலையில் இந்த வியாதியை மறைக்க முடியாது, விசில் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல நாளில் என் விசில் டிரைவரைத் தாண்டி எதிர் வண்டிக்கும் கேட்கும். கெட்ட நாளில் காற்று மட்டும் வரும், சத்தம் வராது. கடைசி சில வருடம் விசிலை விட்டுவிட்டு பஸ் தகரத்தைத் தட்டித்தான் வண்டியை நிறுத்தினேன். பாண்டி கடலூர் ரூட்டில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் நடுவில் ஒரு மூச்சு. 2019இல் எங்கள் ஊர்த் தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன், இழுக்க முடியவில்லை.

நீ கேட்ட ஊசியை மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது வேலை செய்கிறது. ஆனாலும் நகையை இன்றைக்கே வைக்காதே என்றுதான் சொல்வேன், ஏனென்றால் ஊசிக்கு முன்னால் என்னை ஆறு மாதம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அந்தச் சலிப்பில் பாதி வியாதி போய்விட்டது.

முதல் நாள் டாக்டர் ரத்தம் எடுக்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை. "நீங்கள் மருந்து இழுப்பதைக் காட்டுங்கள்" என்றார். முப்பது வருடமாக இழுக்கிற எனக்கா என்று நினைத்துக்கொண்டு இழுத்துக் காட்டினேன். தப்பு. கேப்சூல் போட்டு இழுக்கிற கருவியில் வேகமாக, வயிறு வரைக்கும் இழுக்க வேண்டும். அந்த வேகத்தில்தான் பொடியே கிளம்பும். அமுக்கினால் புஸ்ஸென்று வரும் பம்ப்பில் நேர் எதிர்: மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். எதுவானாலும் முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும், அப்புறம் ஒரு பத்து எண்ணும் வரை பிடித்து வைக்க வேண்டும். நான் கேப்சூலை மெதுவாகவும் பம்ப்பை வெடுக்கென்றும் இழுத்துக்கொண்டிருந்தேன். மருந்தெல்லாம் தொண்டையிலேயே தங்கி, வாயில் வெள்ளை படிந்ததுதான் மிச்சம். (இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பச் சொல், இல்லாவிட்டால் அம்மாவுக்கும் படியும்.) என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அந்தக் கேப்சூலை ஒரு வருடமாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். சிரிக்காதே, கேப்சூல் என்று கொடுத்தால் விழுங்கத்தான் தோன்றும்.

இளைப்பு கடுமையாக இருப்பதும் கடுமையான ஆஸ்துமாவும் ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை உயர்ந்த அளவில், நீண்ட நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும் மருந்தோடு சேர்த்து, சரியாக இழுத்து, ஒரு வேளை தவறாமல் எடுத்து, கூட நின்று தூண்டிவிடும் காரணங்களையும் சரிசெய்த பிறகும் அடங்கவில்லை என்றால்தான் அதற்கு அந்தப் பெயர். மருந்து உள்ளே போகவே இல்லை என்றால் அது வேறு கணக்கு.

தூண்டிவிடுகிறவற்றைத் தேடினார்கள். மூக்கில் சதை இருக்கிறதா, நெஞ்செரிச்சல் உண்டா, தூக்கத்தில் குறட்டையா, வலி மாத்திரை சாப்பிட்டால் கூடுகிறதா, வீட்டில் கொசுவத்திச் சுருளா, வெள்ளிக்கிழமை சாம்பிராணியா, விறகடுப்பா. என் வீட்டில் சாம்பிராணி. அதை நிறுத்தச் சொன்னதற்கு என் மனைவி டாக்டரை நாத்திகர் என்றாள். இப்போது வாசலில் காட்டிவிட்டு அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

உன் வீட்டுப் பூசணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஒரு பூஞ்சை. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது மூச்சுக்குழாய்ச் சளியில் தங்கி ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். நம் நாட்டில் அது அரிதல்ல. ஒவ்வாமையில் ரத்தத்தில் கூடும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளின் மொத்த அளவும், அந்தப் பூஞ்சைக்கு எதிரான ஐ.ஜி.இ. அளவும் பார்த்தால் தெரியும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். அதுதான் என்றால் வழி வேறு: ஸ்டீராய்டு மாத்திரையோ பூஞ்சைக் கொல்லி மாத்திரையோ மாதக்கணக்கில் கொடுப்பார்கள். அதைப் பார்க்காமல் ஊசியில் இறங்கக் கூடாது.

அப்புறம் ஈசினோபில். ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை வெள்ளணு. ஊசியை முடிவு செய்வதே பெரும்பாலும் இந்த எண்தான். 150க்கு மேல் இருந்தால் பேச்சைத் தொடங்குவார்கள், 300க்கு மேல் போனால் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடும். எனக்கு 640. ஆனால் ஒன்று, தம்பி, இதை நன்றாகக் கவனி. வைசலோன் சாப்பிட்டால் இந்த எண் மடமடவென்று விழுந்துவிடும். நீங்கள் மாதாமாதம் கொடுக்கிற அந்த ஐந்து நாள் மாத்திரைக்கு நடுவில் போய் ரத்தம் கொடுத்தால் 40, 50 என்று காட்டும், "இவருக்கு ஊசி பொருந்தாது" என்று எழுதிவிடுவார்கள். மாத்திரை முடிந்து இரண்டு வாரமாவது ஆன பிறகு பார்க்க வேண்டும். எனக்கும் முதல் தடவை 60தான் வந்தது.

வயிற்றில் புழு இருந்தாலும் ஈசினோபில் ஏறும். வெள்ளச் சேற்றில் அம்மா வெறுங்காலோடு நடந்திருப்பார். பாதத்தின் வழியே ஏறுகிற ஒரு புழு உண்டு, அது உடம்பில் இருக்கும்போது ஸ்டீராய்டை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மலப் பரிசோதனையையும் கேள். எனக்கு முதலில் புழு மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் மேலே போனார்கள்.

இதெல்லாம் முடித்த பிறகும் எனக்கு அடங்கவில்லை. டியோட்ரோபியம் என்று இன்னொரு இழுக்கும் மருந்தைச் சேர்த்தார்கள், கொஞ்சம் தேவலை. வாரத்தில் மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதும் உண்டு. அதற்கு முன் இ.சி.ஜி. எடுத்து, சளியையும் சோதிப்பார்கள். எனக்கு இ.சி.ஜி. ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் ஊசி. ஊசி என்றால் ஒன்றல்ல. ஒமலிசுமாப் என்பது ஐ.ஜி.இ.யைப் பிடிப்பது, எல்லாவற்றிலும் மூத்தது, அமெரிக்காவில் 2003லேயே அனுமதித்தார்கள். ஆளின் எடையையும் ஐ.ஜி.இ. எண்ணையும் வைத்து அளவு, இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை. மெபோலிசுமாப், பென்ரலிசுமாப் இரண்டும் ஈசினோபில் கூடியவர்களுக்கு. டுபிலுமாப் மூக்குச் சதையோ தோல் அரிப்போ சேர்ந்து இருப்பவர்களுக்கும், தினமும் ஸ்டீராய்டு மாத்திரையில் ஓடுகிறவர்களுக்கும் யோசிப்பார்கள். டெசெபெலுமாப் இவற்றில் புதியது, அந்த எண்கள் குறைவாக இருப்பவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்குப் பென்ரலிசுமாப். முதல் மூன்று ஊசி நான்கு வாரத்துக்கு ஒன்று, பிறகு எட்டு வாரத்துக்கு ஒன்று. தோலுக்கடியில் போடுவது, கொசு கடித்தது போலத்தான்.

விலை? முதல் வருடம் என் பென்ஷன் அதற்கே போனது, மகன் பாதி போட்டான். பொய் சொல்ல விரும்பவில்லை. நீ மருத்துவமனையில் கேட்கும்போது காப்பீட்டு அட்டையை எடுத்துப்போய், இந்த ஊசிக்கு இது செல்லுமா என்று முதலில் கேட்டுவிடு. கம்பெனிகள் சில ஊசிகளை இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் வைத்திருப்பதுண்டு, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள்.

இன்னும் இரண்டு விஷயம். ஊசி போட்டாலும் இழுக்கும் மருந்து தொடரும். அதை நிறுத்தியவர்கள் திரும்ப வந்து வார்டில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். மூச்சு முட்டும் நேரத்தில் இந்த ஊசி உதவாது, இது மெதுவான சரக்கு. நான்கு மாதம் கொடுத்துப் பார்த்துத்தான் வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

மாமா சொன்ன சூடு வைத்தியம்: தெர்மோபிளாஸ்டி. குழாய் விட்டு மூச்சுக்குழாய்த் தசையின் தடிமனைச் சூட்டால் குறைப்பது, மூன்று தடவையாகச் செய்வார்கள். ஒரேயடியாகச் சரியாகாது. செய்தவுடனே சில நாள் கூடவும் செய்யும். ஊசிகள் வந்த பிறகு அதன் பக்கம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என்னிடம் கேட்டால் மாமாவுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன்.

அந்த வைசலோன்! சீட்டில்லாமல் வாங்குவதை நிறுத்து என்று சொல்ல வந்தேன், ஆனால் திடீரென்றும் நிறுத்தாதே. சிறுநீரகத்து மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி இயல்பாகவே ஸ்டீராய்டு சுரக்கும். வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால் அது தூங்கிவிடும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, பி.பி. இறங்கி ஆளே சாய்ந்துவிடுவார். ஊசி தொடங்கிய பிறகு என் 10 மில்லிகிராமைக் குறைத்து நிறுத்த ஒரு வருடம் ஆனது, நடுவில் காலை வேளை ரத்தம் எடுத்துச் சுரப்பி எழுந்துவிட்டதா என்று பார்த்தார்கள். அதற்குள் இடது கண்ணில் புரை வந்துவிட்டது. முதுகெலும்பும் பொறபொறத்துவிட்டதாம்.

பாண்டியில் கோரிமேட்டுக்குப் போ. அங்கே மத்திய அரசின் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் பிரிவு இருக்கிறது, அதே கோரிமேட்டில் அரசு நெஞ்சக மருத்துவமனையும் இருக்கிறது. கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால்தான் ஜிப்மர் வரிசையில் முன்னால் நிற்கலாம். போகும்போது அந்த மருந்து டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போ. பெயர் எழுதிக்கொண்டு போகாதே, டப்பாவையே கொண்டுபோ.

---

தேங்காய்த்திட்டு_89 (ஜூலை 7)

விசில் ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும். மான்டெலுகாஸ்ட் தொடங்கிய பிறகு என் மகள் ராத்திரி கத்திக்கொண்டு எழுந்தாள், பகலில் காரணமில்லாமல் அழுதாள். மூன்று வாரம் கழித்துத்தான் மாத்திரையோடு தொடர்புபடுத்தினோம். டாக்டரிடம் சொல்லி நிறுத்தியதும் போய்விட்டது. 2020இல் அமெரிக்க மருந்துத் துறை இதைக் கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. எல்லாருக்கும் வராது. அம்மாவுக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு ஏதாவது புதிதாக வந்ததா என்று கேளுங்கள், அம்மாக்கள் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

---

மருந்துக்கடை_அக்கா (ஜூலை 8)

நான் மருந்தாளுநர். டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட்டில்லாமல் வைசலோன் கொடுக்கிற கடைக்காரரை நேரில் பார்த்தால் நான் என்ன சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

தம்பி, "கண்ணுக்குச் சொட்டு" என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன சொட்டு? எப்போதிலிருந்து? பாட்டிலில் டிமோலால் என்று எழுதியிருக்கிறதா, அல்லது கலப்பு மருந்தாக இருந்து இரண்டு பெயரில் ஒன்று டிமோலாலா என்று இப்போதே பாருங்கள். கண் அழுத்தத்துக்கு நிறையப் பேருக்கு எழுதுவது. கண்ணில் விடும் சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். அது பீட்டா பிளாக்கர் வகை, மூச்சுக்குழாயை இறுக்கும். ஆஸ்துமா உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. நீல பம்ப் எதைத் திறக்கிறதோ அதையே இது மூடும். பி.பி. மாத்திரையின் பெயரையும் பாருங்கள், புரோப்ரனலால் மாதிரி ஏதாவது இருந்தாலும் அதே சங்கதிதான்.

டிமோலாலாக இருந்தால் நீங்களாகவே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், கண் அழுத்தம் ஏறினால் பார்வை போய்விடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய் "அம்மாவுக்கு ஆஸ்துமா, ஆக்சிஜன் வைத்தார்கள்" என்று சொல்லி மாற்றி வாங்குங்கள். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துவரும் வேறு சொட்டுகள் இருக்கின்றன.

கெடிலம் ஐயாவுக்கு: ஆடாதொடை வெறும் பாட்டி வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. அதிலிருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் இருமல் மருந்துகளில் வரும் ப்ரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள். சளியை இளக்கும், அவ்வளவுதான். மூச்சுக்குழாய் வீங்கி அடைத்திருக்கும்போது இளக்கி என்ன பயன்? நீல பம்ப்பும் வீக்கத்தைத் தொடாது, விரித்து மட்டும் விடும். அதனால்தான் 2019இலிருந்து உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலில், நீல பம்ப்பை மட்டும் நம்பி யாரும் இருக்கக் கூடாது என்கிறார்கள். உங்கள் அம்மா இருபது வருடம் அதை மட்டும்தான் நம்பி இருந்திருக்கிறார் போல. இப்போது மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெராலும் வீக்கத்தைக் குறைக்கும் புடெசோனைடும் கலந்த மருந்தையே தினசரிக்கும் அவசரத்துக்கும் சேர்த்து எழுதும் முறையும் இருக்கிறது. ஆனால் அதற்கென்று குறிப்பிட்ட அளவுள்ள மருந்துதான் ஆகும், ஒரு நாளைக்கு எத்தனை என்ற உச்ச வரம்பும் உண்டு. டாக்டர் எழுதினால் மட்டும்.

பம்ப் கொடுத்தால், அதோடு மாட்டி இழுக்கும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறதே, ஸ்பேசர், அதையும் கேட்டு வாங்குங்கள். 58 வயதில் அமுக்குவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் சேராது. பம்ப்பை ஆட்டிப் பார்த்து "மருந்து இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு புஸ்ஸென்று வரும்.

---

உப்பனாறு_கரை (ஜூலை 8)

அக்கா, பாட்டில் கையில் இருக்கிறது. டிமோலால் 0.5 சதவீதம். காலை ஒரு சொட்டு, இரவு ஒரு சொட்டு. பொங்கல் முடிந்து ஒரு கண் முகாமில் பார்த்துக் கொடுத்தது. இளைப்பு இருக்கிறதா என்று அங்கே கேட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். "கேட்டிருப்பாங்க, அன்னிக்கு இளைப்பு இல்லையே, இல்லைன்னு சொல்லிருப்பேன்" என்கிறார்.

பிப்ரவரியில் முதல் தடவை சேர்த்தோம். நான் ஏழு மாதமாக அந்தச் சுவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்றே கண் டாக்டரிடம் கிளம்புகிறோம்.

---

வில்லியனூர்_விசில் (ஜூலை 8)

அக்கா, எழுந்து நின்று ஒரு வணக்கம். நான் அவ்வளவு நீளம் எழுதி அந்தச் சொட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போ என்று சொன்னேனே தவிர, எனக்கே ஏன் என்று தெரியாது. என் டாக்டர் சொல்வார், நானும் சொன்னேன்.

தம்பி, சுவரை விட்டுவிடாதே. பூசணம் பூசணம்தான். சொட்டு மாறியதும் ஒரே வாரத்தில் அம்மா ஓடுவார் என்றும் எதிர்பார்க்காதே. கோரிமேடு போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இன்னொன்று, ஊதிப் பார்க்கும் ஒரு குழாய் இருக்கிறது, பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை முழுக்க இழுத்து ஒரே வேகத்தில் ஊத வேண்டும், முள் ஒரு எண்ணில் போய் நிற்கும். என் நல்ல நாள் எண் 380. அதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பச்சை, 50க்கும் 80க்கும் நடுவில் மஞ்சள், 50க்குக் கீழே போனால் சிவப்பு. அதாவது எனக்கு 190க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. 2021 ஐப்பசியில் 160 ஊதிவிட்டு, சரியாகிவிடும் என்று படுத்தேன். விடியற்காலை பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிக்கொண்டு ஓடினான். விசில் ஊதிப் பிழைத்த எனக்கு இந்தக் குழாய்தான் சரியான ஆள் என்று டாக்டர் கிண்டல் செய்வார்.

அம்மாவுக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, உதடு நீலம், பம்ப் அடித்தும் தேறவில்லை என்றால் உடனே 108. வண்டி வரும் வரை நீல பம்ப்பை ஸ்பேசரில் வைத்து, ஒவ்வொரு அமுக்காக நான்கிலிருந்து பத்து தடவை கொடு, 20 நிமிடம் கழித்து மறுபடியும் கொடு. படுக்க வைக்காதே, உட்கார்ந்தபடியே இருக்கட்டும்.

---

உப்பனாறு_கரை (செப்டம்பர் 21)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சொட்டை அன்றைக்கே மாற்றிவிட்டார்கள், இப்போது லட்டானோப்ராஸ்ட், இரவில் ஒன்று மட்டும். கண் டாக்டர் பழைய பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அம்மாவின் சீட்டு முகப்பில் சிவப்பு மையால் "ஆஸ்துமா" என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டார்.

ஜிப்மருக்கு நான்கு தடவை போய்வந்தோம். அம்மா கேப்சூலைக் கருவியில் போட்டுத் திருகாமலே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேப்சூல் உடையவே இல்லை. இழுத்ததும் வெளியே எடுத்து "முழுசா இருக்கே" என்று மறுநாளைக்கு எடுத்து வைத்ததும் உண்டாம். நான் கடைக்குப் போனபின் நடப்பதெல்லாம் எனக்கு எங்கே தெரிகிறது! இப்போது ஸ்பேசரோடு பம்ப், கூடவே டியோட்ரோபியம். டெரிஃபிலினை நிறுத்திவிட்டார்கள். வைசலோனைப் படிப்படியாகக் குறைத்து, ஆகஸ்ட் 10இல் கடைசி மாத்திரை. தேங்காய்த்திட்டு நண்பர் சொன்னது போல மான்டெலுகாஸ்ட் பற்றிக் கேட்டேன், அம்மாவுக்குக் கனவு ஒன்றுமில்லை, தொடர்கிறார்.

வைசலோன் நிறுத்தி மூன்று வாரம் கழித்து ரத்தம் கொடுத்தோம். ஈசினோபில் 410. மொத்த ஐ.ஜி.இ. 880. பூஞ்சை ஐ.ஜி.இ.யும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. அதனால் ஸ்கேன் எடுக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். சுவர் முழுக்க நிரபராதி இல்லை போலிருக்கிறது. ஊசி வேண்டுமா என்பதை ஸ்கேன் பார்த்து, இந்த மழைக்காலம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். நகை இன்னும் அம்மா கழுத்தில்தான் இருக்கிறது.

ஜூலையிலிருந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை. ராத்திரி எழுவது வாரத்துக்கு ஒருமுறை, முன்பு தினமும். சர்க்கரை 160. ஊதிப் பார்க்கும் குழாயில் ஜூலையில் 140 ஊதினார், இன்று காலை 250. எண்ணைத் தினமும் காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்.

சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கப் போகிறேன். அப்போது அம்மாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா, ஸ்பேசரை எப்படிக் கழுவுவது? அம்மா விம் போட்டுத் தேய்த்து முந்தானையால் துடைத்து வைக்கிறார்.

---

மருந்துக்கடை_அக்கா (செப்டம்பர் 21)

ஐயோ, தேய்க்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்! துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு முக்கி எடுத்து, அப்படியே நிறுத்தி வைத்து நிழலில் தானாகக் காயட்டும். அந்தந்த ஸ்பேசரோடு வரும் தாளில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று இருக்கும், பாருங்கள்.

டாக்டரிடம் கேட்டு, மழைக்கு முன் ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுங்கள். நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

---

வில்லியனூர்_விசில் (செப்டம்பர் 22)

250! பிரமாதம் தம்பி.

சுவர் சுரண்டுகிற அன்றைக்கும், வெள்ளையடித்து வாடை போகும் வரைக்கும் அம்மா அந்த வீட்டில் இருக்கக் கூடாது. சொந்தக்காரர் வீடு இல்லை என்றால் சொல், வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. சாம்பிராணி கிடையாது. பம்ப், ஸ்பேசர், அந்தக் காலண்டர் மூன்றையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்.